இடுப்பளவு தண்ணீரில் நட்ட கம்புகள்

போன கிழமை கூரை திருத்த வந்த மேசன் தம்பி கைதவறி பழைய ஓடு ஒன்றை முற்றத்தில் போட்டுவிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. உடைந்த ஓட்டில் ஈரம் பட்டதும் ஒரு மணம் வந்தது பாருங்கள், கையிலிருந்த தேத்தண்ணி ஆறியதே எனக்குத் தெரியவில்லை. அது இந்தியாவிலிருந்து பாய்க்கப்பலில் வந்த ஓடு. அது வராமல் விட்டிருந்தால் எனக்குக் கலியாணமே நடந்திராது.

எங்கள் மட்டக்களப்பில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிவைப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். என் வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. "தென்னோலைக் கிடுகால மேஞ்சு தாறமே" என்று அப்பா கேட்டுப் பார்த்தார். மாமியாராக வரப்போகிறவர் விடவில்லை. "ஓட்டு வீடு எண்டுதானே பேசின நீங்க? வானம் தெரியிற வீட்டுக்கு என்ர மகன் வரமாட்டான்." நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கதவு என்றேனா? அதுவும் போடவில்லை, சாக்குத்தான் தொங்கியது.

எங்கள் ஓடு ஏற்றிய கப்பல்தான் அந்த வருசம் முதலில் வந்து, முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. உள்ளே வர வழியில்லை. மாரி வெள்ளம் ஒவ்வொரு வருசமும் அங்கேயுள்ள மணலைப் புரட்டி, ஆழமான வழியை இடம் மாற்றிவிடும். அதனால் முதலில் வருகிற கப்பல் இந்தியக் கரையிலிருந்து சவுக்குக் கம்புகளும் கொண்டுவரும். மணல் எங்கே இறுகிக் கிடக்கும் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். கப்பலின் அடி எவ்வளவு தாழும் என்பது கப்பல்காரருக்குத் தெரியும். இரண்டு பகுதியாரும் சேர்ந்து கம்பு நட்டு வழி குறிப்பார்கள். பிறகு வருகிற கப்பலுக்கெல்லாம் அதுதான் தெரு. எந்த அரசாங்கமும் சொல்லிச் செய்ததில்லை அது.

அந்த வருசம் இரண்டு நாட்டிலும் வெள்ளைக்காரன் போய்ப் புதுச் சட்டங்கள் வந்திருந்தன. "அனுமதிக் கடுதாசி இல்லாத இந்தியாக்காரன் கரையில கால் வைக்கேலாது" என்றுவிட்டார் சுங்கத்து ஐயா. கடலோ குழம்பத் தொடங்கிவிட்டது. இன்னும் சுணங்கினால் கப்பல் எங்கள் ஓடுகளையும் கொண்டு திருகோணமலைக்குப் போய்விடும். அம்மா நேர்த்தி வைக்காத கோயில் இல்லை.

அப்பா வள்ளத்தில் போய்க் கப்பல் தண்டயலிடம் விசயத்தைச் சொன்னார். கப்பலை நடத்துகிறவரைத் தண்டயல் என்போம். அடுத்த நாள் காலை அவரும் ஆட்களும் கம்புகளோடு வந்து, கரைக்குக் கொஞ்சம் தள்ளித் தண்ணீருக்குள் குதித்தார்கள்.

"நாங்க கரைக்கு வரலீங்க ஐயா. தண்ணியில நிக்கவும் கடுதாசி வேணுமா?" என்று தண்டயல் கத்தினார்.

சுங்கத்து ஐயா தலையைச் சொறிந்தார். பிறகு சிரித்துவிட்டார். "இடுப்புக்குக் கீழ ஈரமா இருக்கிறமட்டும் நான் ஒண்டையும் காணல்ல."

"கேட்டியளா தண்டயல், முழங்கால் காய்ஞ்சா மறியல்கூடம்தான்!" என்றார் அப்பா.

அலை அடிக்க அடிக்க அவர்கள் கம்பைப் பிடித்தார்கள், எங்கள் ஆட்கள் மிதித்து இறக்கினார்கள். கஞ்சியைக்கூடத் தண்ணீரில் நின்றபடிதான் சிரட்டையில் வாங்கிக் குடித்தார்கள். எங்கள் ஓடுகளை எங்கேயாவது இறக்கிவிட்டுப் போயிருக்கலாம், அவர்களைக் கேட்பாரில்லை. பொழுது சாய முன்னம் கப்பல் கம்புகளுக்கு நடுவால் ஆற்றுக்குள் வந்தது. அம்மா கரையிலேயே குந்தி அழுதுவிட்டார்.

கூரை ஏறியது, கலியாணமும் நடந்தது. கொப்பறா ஏற்றுவதற்காகக் கப்பல் நின்றபடியால், பந்திச் சோறு கட்டிக்கொண்டு புது மாப்பிள்ளையும் நானும் வள்ளத்தில் போனோம். வெற்றிலைத் தட்டை நான்தான் நீட்டினேன். "நல்லா இரும்மா" என்று அதை வாங்கின தண்டயலின் கைகள் உப்பில் வெடித்திருந்தன. வெட்கத்தில் நான் தலை நிமிரவேயில்லை.

அடுத்த வருசம் அந்தக் கப்பல் வரவில்லை. பிறகு எந்தப் பாய்க்கப்பலும் வரவில்லை. கம்புகளை வெள்ளம் கொண்டுபோனது, மறுபடி நடுவதற்கு ஆளில்லை. தண்டயல் பார்க்க எப்படி இருந்தார் என்று என் புருசனிடம் கேட்க எத்தனையோ தரம் வாயெடுத்தேன். வேறொரு ஆம்பிளையின் முகத்தைப் பற்றி எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன். இப்போது கேட்பதற்கு என் புருசனும் இல்லை.