எங்கள் மெஸ்ஸின் அரசியல் சாசனம்

1. ரசம் கவிழ்ந்த நாள்

நெய்வேலியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மைன்ஸைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு அடிதடியைப் பார்த்துவிட்டேன். எங்கள் மெஸ்ஸில்தான். சாம்பாரில் வெல்லம் போடலாமா கூடாதா என்று ஒரு கோயம்புத்தூர்க்காரரும் ஒரு மதுரைக்காரரும் ஆரம்பித்தது, கரண்டி வரைக்கும் போய், கடைசியில் ரச வாளி என் வேட்டியில் கவிழ்ந்தது. முருகன் புண்ணியத்தில் ரசம் ஆறிப்போயிருந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. பூமிக்குள்ளிருந்து பழுப்பு நிலக்கரி வெளியே வரத் தொடங்கியிருந்த சமயம். எல்லா ஜில்லாவிலிருந்தும் ஆள் வந்துகொண்டிருந்தார்கள். குடும்பத்தைக் கூட்டி வர குவார்ட்டர்ஸ் கிடைக்காதவர்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு மெஸ் நடத்தினோம். நான் சேத்தியாத்தோப்புக்காரன். எட்டாவது வரை படித்தவன். கன்வேயர் பெல்ட்டில் ஹெல்பர். காலையில் நெற்றி நிறைய விபூதி பூசாமல் ஷிப்ட் பஸ்ஸில் ஏற மாட்டேன். அதனால் எனக்குப் பட்டை சாமி என்று பெயர் வைத்து, பிறகு அதையும் குறைத்து, சாமி என்றே கூப்பிட்டார்கள்.

அன்றைய சண்டை ஓய்ந்ததும் டைம்கீப்பர் சபாபதி பெஞ்சு மேல் ஏறி நின்றார். சிதம்பரத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு மைன்ஸுக்கு வந்தவர். எதையும் கட்டுக்கோப்பாகச் செய்ய வேண்டும் அவருக்கு.

"நாற்பது கோடி பேர் இருக்கிற தேசத்துக்கே ஒரு சாசனம் போட்டு அடங்கி நடக்குறோம். நாற்பது பேர் இருக்கிற மெஸ்ஸுக்குப் போட முடியாதா?" என்றார்.

வெல்லத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோரும் கை தட்டினோம்.

2. மூன்று அதிகாரம், மூன்று ஷிப்ட்

சபாபதி எங்களுக்கு அரசாங்கத்தைச் சோற்றுத் தட்டை வைத்தே விளக்கினார். தட்டின் ஒரு பக்கம் சட்டசபை, அது சட்டம் போடும். இன்னொரு பக்கம் மந்திரிசபை, போட்ட சட்டத்தை அது நடத்தும். மூன்றாவது பக்கம் ஹைகோர்ட், அது தப்பு நடந்தால் தட்டிக் கேட்கும்.

"மூணும் ஒருத்தன் கையில இருந்தா அவன் ராஜா. நம்ம யாரும் ராஜா இல்ல," என்றார்.

"அப்ப நடுவுல இருக்கிற சோறு?" என்று ஒருவர் கேட்டார்.

"அதான்யா உரிமை. அது மேல யாரும் கை வைக்கக் கூடாது. எத்தனை கை தூக்கி ஓட்டுப் போட்டாலும் பறிக்க முடியாதது."

எனக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. ஏனென்றால் நான் கிருத்திகை விரதக்காரன். கிருத்திகையன்று மெஸ் அடுப்பில் கறி ஏறக் கூடாது என்பதை ஓர் உரிமையாகச் சேர்க்கச் சொன்னேன். என்னைப் போல நாலைந்து பேர் இருந்தோம். சேர்த்தார்கள். எந்த உறுப்பினரையும் விசாரிக்காமல் தண்டிக்கக் கூடாது என்பதை சபாபதியே சேர்த்தார். பதிலுக்கு மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கறிக்குழம்பு என்று சட்டம் போட்டுக்கொண்டார்கள்.

உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து சபை. செயலாளர் சுடலைமுத்து அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர், எக்ஸ்கவேட்டரில் ஃபிட்டர். அவர் குரலுக்கு மிஷின் சத்தமே அடங்கும். நீதிபதியாக என்னைப் போட்டார்கள். சட்டம் தெரியாது என்றேன். "பொய் சொல்ல மாட்டீரு, அது போதும்வே," என்றார் அண்ணாச்சி.

மூன்று அதிகாரமும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்று சபாபதி கவலைப்பட்டார். அந்தக் கவலையே தேவைப்படவில்லை. அவருக்கு ஒரு ஷிப்ட், அண்ணாச்சிக்கு ஒரு ஷிப்ட், எனக்கு ஒரு ஷிப்ட். ஒருவர் விழித்திருக்கும்போது ஒருவர் தூங்கினார், மற்றவர் மைன்ஸில் இருந்தார். அப்படிப் பிரிந்திருந்த அரசாங்கம் உலகத்தில் வேறு எங்கும் இருந்திருக்காது.

3. கிருத்திகை ஞாயிறு

ஞாயிறும் கிருத்திகையும் ஒரே நாளில் வரக்கூடும் என்பது சாசனம் போட்டவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. சாசனம் போட்டது சபாபதி. நாளையும் நட்சத்திரத்தையும் போடுகிறவன் வேறு ஆள் அல்லவா?

அந்த ஞாயிறு நான் விடியற்காலையே முருகன் கோயிலுக்குப் போய்விட்டேன். நாங்களே தகரக் கொட்டகை போட்டு வைத்திருந்த கோயில். அபிஷேகம் முடிந்து மத்தியானம் மெஸ்ஸுக்குத் திரும்பினால், வாசலில் கலியபெருமாளின் தகரப்பெட்டி கிடந்தது.

கலியபெருமாள் எங்கள் சமையல்காரர். கம்மாபுரம் பக்கத்து கிராமம். நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. மைன்ஸில் வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, அது வரும் வரை எங்களுக்குச் சமைத்துக்கொண்டு அடுக்களை பின்னறையில் படுத்திருந்தார்.

நடந்தது இதுதான். நைட் ஷிப்ட் முடித்து வந்த அண்ணாச்சி, மந்தாரக்குப்பம் சந்தையில் நாற்பது பேருக்குக் கறி வாங்கி அடுக்களையில் வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். எழுந்து வந்து ஆசையோடு தட்டின் முன் உட்கார்ந்தால் ரவா உப்புமா. அடுக்களைக்குள் போய்த் தேடினால் கறியையும் காணோம்.

"திருட்டுப் பய! கறிய வித்துட்டு உப்புமாவா போடுத?" என்று பெட்டியைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டார். கலியபெருமாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்திருக்கிறார். மெஸ்ஸில் இருந்தவர்கள் போட்ட கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. போய்விட்டார்.

மறுநாளிலிருந்து செயலாளர் ஏற்பாட்டில் சமையல். முதல் நாள் சோறு வேகவில்லை. அடுத்த நாள் அந்தக் குறைக்கும் சேர்த்து வெந்தது. சாம்பாரில் வெல்லமா என்ற சண்டை தானாக நின்றுபோயிற்று. அது சாம்பார்தானா என்பதே சண்டையாகிவிட்டது.

4. காதைப் பொத்திக்கொண்டேன்

செவ்வாய்க்கிழமை காலை கோயிலுக்குப் போனேன். கொட்டகை ஓரத்தில் பெட்டி மேல் கலியபெருமாள் உட்கார்ந்திருந்தார். அங்கேயேதான் படுத்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"சாமி, நான் திருடலீங்க. அந்தக் கறி வந்து..."

நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "முருகா, முருகா!" என்றேன். சந்நிதியில் கறியைப் பற்றிப் பேசுவது ஒன்று. நீதிபதி ஒரு கட்சிக்காரர் சொல்வதைத் தனியாகக் கேட்கக் கூடாது என்று சபாபதி சொல்லியிருந்தது இன்னொன்று.

"இங்க சொல்லாதீங்க. எல்லாரும் இருக்கிறப்ப சொல்லணும்," என்றேன்.

"அங்க போனா வெரட்டறாங்க. இங்க வந்தா காதப் பொத்திக்கினு நிக்கிறீங்க. நான் எங்கதாங்க போயி சொல்றது?"

மறுபடி பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, "நெலம் போச்சு, வூடு போச்சு. பேரு ஒண்ணுதாங்க மிச்சம். திருடன்னு ஆயிட்டா மைன்ஸ்ல எவன் வேல குடுப்பான்?" என்றார்.

"என்கிட்ட முறையிடுறீங்களா?"

"அதத்தானே சாமி செஞ்சிக்கினு இருக்கேன்!"

அன்றைக்கு அர்ச்சனைக்குக் கொண்டுபோன தேங்காயை அவர் பெயருக்கே உடைத்தேன். பெயர் நல்லபடி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

5. பஸ் ஸ்டாப்பில் கோர்ட்

விசாரணைக்கு எல்லோரும் விழித்திருக்கும் நேரம் வேண்டுமே. யோசித்துப் பார்த்ததில் ஒன்றுதான் இருந்தது. மத்தியானம் ஷிப்ட் மாறும்போது பஸ் எங்கள் மெஸ் வாசலில்தான் நிற்கும். முதல் ஷிப்ட் இறங்கும், இரண்டாவது ஷிப்ட் ஏறும். புதன்கிழமை அண்ணாச்சி இறங்குகிற பக்கம், நான் ஏறுகிற பக்கம். நைட் ஷிப்டில் இருந்த சபாபதி இதற்காகவே தூக்கத்தை விட்டு எழுந்து வந்திருந்தார்.

கலியபெருமாளை நடுவில் நிறுத்தினோம். உடனே அண்ணாச்சி ஆட்சேபித்தார்.

"விசாரிக்கணும்ங்கிற உரிமை உறுப்பினருக்குத்தாம்வே. இவரு உறுப்பினரா? டைம்கீப்பரே, சாசனத்துல இவரு எங்க வாராரு?"

சபாபதி தயங்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அண்டா, குண்டான், விறகு, சமையல்காரர். இதெல்லாம் செயலாளர் பொறுப்புல."

கூட்டம் சிரித்தது. கலியபெருமாள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. நாற்பது பேருக்கும் உரிமை எழுதியவர்கள், நாற்பது பேருக்கும் சோறு போட்டவரை அண்டாவோடு சேர்த்துவிட்டோம்.

"தேசத்து சாசனத்துல எப்படி?" என்று சபாபதியைக் கேட்டேன்.

"சில உரிமை பிரஜைக்கு மட்டும். சிலது இந்த மண்ணுல நிக்கிற யாருக்கும் உண்டு."

"நம்ம எக்ஸ்கவேட்டர் மாட்ட வந்த ஜெர்மன்காரருக்கும்?"

"அவருக்கும்தான். விசாரிக்காம உள்ள வைக்க முடியாது."

"ஜெர்மன்காரருக்கே உண்டுன்னா கம்மாபுரத்துக்காரருக்கு இல்லையா? மண்ணே அவங்க மண்ணு," என்றேன். "அதோட அண்ணாச்சி, அண்டாவைத் திருடன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. இவரைச் சொல்லிட்டீங்க. சொன்னப்பவே மனுஷன்னு ஒத்துக்கிட்டீங்க. மனுஷன்னா கேட்டுத்தான் ஆகணும்."

சபாபதி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார்.

"சட்டுனு கேளுங்க சாமி, அங்க பெல்ட்டுக்கு ஆள் இல்லாம நிக்கப் போவுது!"

"இன்னொண்ணும் இருக்கு," என்றார் அண்ணாச்சி விடாமல். "தெனமும் காலையில இந்த ஆளு அடுக்களைக்குப் பின்னால வந்து பதுங்கிப் பதுங்கி நிக்காரு. பாத்தவங்க இருக்காங்க."

நான் கலியபெருமாள் பக்கம் திரும்பினேன். "கறி எங்கே?"

இவ்வளவு நாளில் அவரை யாரும் கூச்சல் போடாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மேலங்க," என்று அடுக்களைத் தகரக் கூரையைக் காட்டினார்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். கூரை மேல் மூங்கில் நட்டு, காக்காய்க்கு மறைப்பாக ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. யாரோ வேட்டி காயப்போட்டிருக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒருவர் ஏணி வைத்து ஏறித் துணியை விலக்கினார். மஞ்சள் பூசி, உப்புப் போட்டு, கயிற்றில் கோத்த உப்புக்கண்டம் வரிசையாகத் தொங்கியது.

"இன்னம் ரெண்டு வெயில் காட்டணுங்க," என்றார் கலியபெருமாள். "ஞாயித்துக்கெழம கறி போடணும்னு ஒரு சட்டம். கிருத்திகைக்குப் போடக் கூடாதுன்னு ஒரு சட்டம். அண்ணாச்சிய எழுப்பிக் கேட்டேன். 'எதையாவது செய்யும்வே, தூங்க வுடும்'னாரு. டைம்கீப்பர கேட்டேன். 'சபை கூடித்தான் சொல்லணும்'னாரு. உங்களத் தேடுனேன், கோயிலுக்குப் போயிட்டீங்க. சாமியக் கேக்கலாம்னா அவரும் உங்ககூட இருந்தாரு. உப்புமா போட்டா ரெண்டு சட்டத்துக்கும் பாவமில்ல. கறியும் வீணாப் போவக் கூடாதே. அதாங்க கோத்துப் போட்டேன். காலையில வந்து திருப்பிப் போட்டாத்தானே காயும்? அதுக்கும் வெரட்டிக்கினே இருந்தாங்க."

மொத்தக் கூட்டமும் அண்ணாச்சி பக்கம் திரும்பியது. மூன்று நாள் பச்சரிசியும் கூழும் தின்ற வயிறு அல்லவா?

"செயலாளர் பதவியிலேருந்து இவரை இப்பவே தூக்கு! பெட்டிய வெளிய எறி! கை தூக்குங்கய்யா!"

கைகள் எழுந்தன. தப்பித்தவறிக்கூட ஒரு கை கீழே இல்லை. அண்ணாச்சி முகம் செத்துப்போயிற்று. சபாபதி கைகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். அப்போது கலியபெருமாள்தான் குறுக்கே வந்தார்.

"இருங்க, இருங்க. அவர ஒரு வார்த்த கேட்டீங்களா?"

எண்ணிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றது. நான் அண்ணாச்சியைக் கேட்டேன்.

அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்றோ. "வாரம் பூரா நைட்டு. கறிக்கொழம்பு வாசனைய நெனச்சிக்கிட்டேதான் மண்ணுக்குள்ள கெடந்தேன். உப்புமாவக் கண்டதும் எனக்குக் கண்ணு தெரியலவே. தப்புதான்," என்றார். பிறகு கலியபெருமாளைப் பார்த்து, "மெளகாத்தூளு போட்டீரா?" என்றார்.

"போட்டிருக்கேங்க."

டிரைவர்தான் முதலில் சிரித்தார். தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கலியபெருமாள் திருடன் இல்லை என்றும், அவர் பெட்டியைக் கோயிலிலிருந்து அண்ணாச்சியே சுமந்து வர வேண்டும் என்றும், அண்ணாச்சி செயலாளராகவே இருக்கலாம் என்றும் பஸ் படியில் நின்று தீர்ப்புச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. கடைசி வார்த்தையை ஜன்னல் வழியாகத்தான் கத்தினேன்.

6. ஒரே ஒரு கை

அந்த வாரமே சாசனத்தைத் திருத்தி, கலியபெருமாளை அண்டாவிடமிருந்து பிரித்து உறுப்பினராக்கினோம். முதல் கூட்டத்திலேயே எழுந்து நின்று ஒரு தீர்மானம் கொண்டு வந்தார்.

"மைன்ஸ்ல எல்லாருக்கும் வாரத்துக்கு ஒரு நாள் லீவு இருக்குதுங்க. எனக்கும் வேணும். ஞாயித்துக்கெழம."

ஓட்டுக்கு விட்டார்கள். அவர் கை ஒன்றுதான் எழுந்தது. எதிரே நாற்பது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் அதில் என்னுடையதும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமையாவது வாய்க்கு ருசியாகச் சாப்பிடலாம் என்ற ஆசை யாரைத்தான் விட்டது?

கலியபெருமாள் கோபப்படவில்லை. நேராக என் எதிரே வந்து கை கட்டி நின்றார். "முறையிடுறேங்க," என்றார்.

"சபை தீர்மானம்வே! நாப்பது கை!" என்று அண்ணாச்சி எழுந்தார்.

சபாபதி முதல் நாள் காட்டிய தட்டு கண் முன் வந்தது. எத்தனை கை தூக்கினாலும் பறிக்க முடியாதது என்று சொன்னாரே, அது இதுதான். கிருத்திகைக்கு எனக்குக் கொடுத்ததை ஞாயிற்றுக்கு இவருக்கு எந்த முகத்தோடு மறுப்பது? முருகனை நினைத்துக்கொண்டு, லீவு உண்டு என்று தீர்ப்புச் சொன்னேன். அன்றைக்கு என்னோடு பேசியவர் அவர் ஒருவர்தான்.

பிற்பாடு அவருக்கும் மைன்ஸில் வேலை கிடைத்துப் பெர்மனென்ட் ஆனார். எனக்கும் குவார்ட்டர்ஸ் கிடைத்துக் குடும்பம் வந்தது. அதுவரையில் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் நாங்களே முறை வைத்துச் சமைத்தோம். அண்ணாச்சி செய்த கறிக்குழம்பைக் கோயில் நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டு யோசிக்கும். கலியபெருமாள் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு எங்கள் வரிசையில் வந்து உட்காருவார். பரிமாறினால் சாப்பிடுவார். நன்றாக இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகள் உரிமை, உரிமை என்று பேசுவதைக் கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. நான் அனுபவத்தில் கற்றது ஒன்றுதான். நம் உரிமை கிடைக்கிற நாளில் சாப்பாடு ருசிக்கும். இன்னொருத்தர் உரிமையை நாம் மதிக்கிற நாளில் சோறு கொஞ்சம் அடிப்பிடித்துத்தான் இருக்கும். முகம் சுளிக்காமல் சாப்பிட வேண்டும்.