மூன்றாவது கட்டம்

வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புக்காகப் பதினோரு வருடமாக வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறவளை அந்த வட்டாரமே 'கணக்கு அக்கா' என்றுதான் கூப்பிடும். மாடி ஏறி ஏறி முழங்கால் தேய்ந்ததே தவிர, வாய் தேயவில்லை.

பதினைந்து வயது தாண்டிய யாரைப் பார்த்தாலும் அவள் மனதுக்குள் மூன்று கட்டங்கள் போட்டுவிடுவாள். வேலை பார்ப்பவர் முதல் கட்டம். வேலை இல்லாமல் தேடிக்கொண்டிருப்பவர் இரண்டாவது. வேலையும் இல்லை, தேடவும் இல்லை என்றால் மூன்றாவது. முதல் இரண்டையும் கூட்டி, நூற்றுக்கு எத்தனை பேர் என்று பார்த்தால் அதுதான் தொழிலாளர் பங்கேற்பு விகிதம். மூன்றாவது கட்டத்து ஆசாமி அதில் சேர்த்தி இல்லை. வேலையில்லாதவர் என்ற பட்டம்கூட அவருக்குக் கிடையாது.

"இது என்னங்க அநியாயம்?" என்று யாராவது சண்டைக்கு வந்தால், "தேடினாத்தாங்க அந்தப் பேரு" என்று சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள்.

அந்த மாதம் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. அவள் எழுதிய தெருக்களில் வேலையில்லாதவர் எண்ணிக்கை மளமளவென்று குறைந்திருந்தது. மேலதிகாரி நாலு பேர் முன்னால் பாராட்டிவிட்டார். ஏதோ அவளே எல்லோருக்கும் வேலை வாங்கிக் கொடுத்த மாதிரி ஒரு மிதப்பு. வீட்டிலும் அதே பேச்சு. கணவர் தலையாட்டியபடி சாப்பிட்டார்.

அவர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். அதை இழுத்து மூடி எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து தினமும் காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டு, ஃபைலை இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். "அலைஞ்சிட்டே இருக்கார், இன்னிக்கோ நாளைக்கோ கிடைச்சிரும்" என்று உறவுக்காரர்களிடம் அவள் சொல்லாத நாளில்லை. அந்த நம்பிக்கையில்தான் அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த சுற்றுக்கு வந்த பட்டியலில் அவள் வீட்டு எண்ணே இருந்தது. சொந்த வீட்டைத் தானே எழுதக்கூடாது. ஆகவே சனிக்கிழமை காலை அலுவலகத் தோழி டேப்லெட்டோடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். இம்மி பிசகாத ஆள் என்பதால் அவளுக்கு 'ரூல்ஸ்' என்று பெயர்.

"அண்ணே, போன வாரம் ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தீங்களா?"

"இல்லைம்மா."

"போன நாலு வாரத்துல வேலை தேடினீங்களா?"

"தேடினார், தேடினார்! ரெண்டாவதுல போடு" என்றாள் கணக்கு அக்கா அடுப்படியிலிருந்து.

ரூல்ஸ் திரையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். "நீயே இப்படிப் பண்ணலாமா? அவரே சொல்லட்டும்."

கணவர் ஜன்னலைப் பார்த்தார். "இல்லைம்மா. தேடல. நிறுத்தி ஆறு வாரம் ஆச்சு. காலையில கிளம்பிப் போய் பார்க்குல உக்காந்துட்டு வர்றேன்."

அவள் கையில் கரண்டியோடு வெளியே வந்து நின்றாள்.

"ஏன் தேடலண்ணே?" படிவத்தில் அடுத்த கேள்வி அதுதான்.

"போற இடமெல்லாம் வயசைத்தான் பார்க்கிறாங்க. எனக்குன்னு ஒண்ணு இருக்கும்னு தோணல."

"கிடைச்சா போவீங்களா?"

"நாளைக்கே போவேன்."

இருந்தாலும் ரூல்ஸ் மூன்றாவது கட்டத்தைத்தான் தொட்டாள். விதி அப்படி. யாருக்கும் வேலை கிடைக்காமலேயே வேலையில்லாதவர்களில் ஒருவர் குறைந்தார். "இப்ப தேடறதில்லீங்க" என்று கதவைப் பிடித்தபடி சொன்ன வெல்டரும், தையல் கம்பெனிப் பெண்ணும், இன்னும் ஏழெட்டுப் பேரும் கணக்கு அக்காவின் கண்முன் வந்தார்கள். அவர்களையும் இதே வேகத்தில் மூன்றாவது கட்டத்தில் தட்டிவிட்டு வந்துதானே அவள் பாராட்டு வாங்கினாள்? வெட்கமாக இருந்தது.

ரூல்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டு போனதும், "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள் கணக்கு அக்கா கணவரிடம்.

"ஊர்ல எல்லாரையும் கேக்குற. என்னை ஒரு நாள் கேட்டியா?"

அவள் கேட்டதில்லை. எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட இல்லை.

"கேக்க பயமா இருந்துச்சுங்க."

"எனக்கும் சொல்ல பயம்தான்" என்று அவர் நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தார்.