அவருக்கு மிஞ்சிய ஒரு சொல்

பாரிசவாதம் வந்து மூன்று நாள் கழித்து என் கணவர் வாய் திறந்தார். என் பேரையோ மகளின் பேரையோ சொல்லப்போகிறார் என்று குனிந்தேன்.

"ஃபக்" என்றார்.

பன்னிரண்டு வருஷம் கட்டாரில் வெள்ளைக்கார மேற்பார்வையாளர்களுக்குக் கீழே வெல்டிங் வேலை செய்தவர். அங்கே காதில் விழுந்துகொண்டே இருந்த சொல். வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

"பேச்சு இருந்த பக்கம் மூளையில பழுதாப் போச்சு. சில பேருக்கு ஏச்சு மட்டும் மிஞ்சும்" என்றார் டொக்டர்.

ஆஸ்பத்திரியிலிருந்து நாவற்குடா வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நாங்கள் குடும்பம் நடத்தினோம். இழுத்துச் சொன்னால் தண்ணீர். வெடுக்கென்று சொன்னால் சிறுநீர். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதையே மெல்லச் சொல்வார். "ஓம் அப்பா, வந்திட்டன்" என்பாள் அவள். ஒருநாள் போதகர் வந்து செபித்து முடித்ததும் எல்லாரும் ஆமென் சொன்னோம். இவரும் மனதாரத் தன் சொல்லைச் சொன்னார். போதகர் கண்ணைத் திறக்கவில்லை, பிடித்த கையையும் விடவில்லை. எனக்குத்தான் நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மழை விடாமல் பெய்த ஒரு பகல். மகள் பள்ளிக்கூடத்தில். அவர் கத்தத் தொடங்கினார். அதுவரை கேட்காத தொனி. தண்ணீர் கொடுத்தேன், துப்பினார். சிறுநீர்ப் போத்தல் வைத்தேன், தட்டிவிட்டார்.

"இஞ்சருங்க, எங்க நோகுது? தலையா? வயிறா?"

அதே சொல். திரும்பத் திரும்ப, மூச்சு விடாமல். டொக்டருக்குப் போன் எடுத்தேன், கிடைக்கவில்லை. ஒரு மணித்தியாலம் போயிருக்கும். எனக்குள் என்னவோ அறுந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே நானும் கத்தினேன்: "ஃபக்! ஃபக்! ஃபக்!" என் வாயால் அதை முதன்முதல் சொன்னது அன்றுதான்.

அவர் நிறுத்திவிட்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

துவாயால் துடைக்கக் குனிந்தபோது அவர் தோளில் ஒரு சிவப்பெறும்பு ஓடியது. பதறிப்போய் அவரைப் புரட்டினேன். இடுப்புக்குக் கீழே, நான் கவனிக்காமலே ஒரு படுக்கைப்புண் வெடித்திருந்தது. மழைக்கு வீட்டுக்குள் ஏறிய எறும்புகள் அதில் அப்பியிருந்தன.

உப்புத்தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினேன். அவர் முனகக்கூட இல்லை.

"ஏசுங்க" என்று அழுதேன். "என்னை ஏசுங்களன்."

ஏசவில்லை. தாதி வந்து மருந்து கட்டினாள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டச் சொன்னாள். இரண்டு நாள் அவர் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. அந்த இரண்டு நாளும் அந்தச் சொல்லைக் கேட்கமாட்டேனா என்று நான் செபித்தேன்.

பிறகு ஒரு காலை, கஞ்சி ஊட்டும்போது, என்னைப் பார்த்துச் சொன்னார். கோபமா, மன்னித்துவிட்டாரா, கஞ்சி சூடா, எனக்கு விளங்கவில்லை.

ஊதி ஆற்றி, அடுத்த கரண்டியை நீட்டினேன்.