குடை பிடித்த மழைமானி

1. கம்பளி

எங்கள் ஆபீஸ் தெலுங்கு ஊரான உப்பலில். வெயிலில் தார் உருகும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, எந்த மலையில் எப்போது மண் சரியும் என்று சொல்வது என் உத்தியோகம். தமிழ் தெரிந்தவள் என்பதால் நீலகிரிச் சரிவு ஒன்றை என் தலையில் கட்டினார்கள்.

சரிவுக்குக் கீழே தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள், இருபத்து மூன்று குடும்பம். மேலே ஒரு மழைமானியும், மண் நகர்ந்தால் சொல்லும் டில்ட் சென்சார் கம்பமும். பார்த்துக்கொள்ள சூப்பர்வைசர் மாரியப்பன். அரசாங்கப் பொருள், பத்திரம் பத்திரம் என்று அவரிடம் நூறு தடவை சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்க வேண்டும்.

முதல் மழைக்கே கம்பம் சாய்வதாக ஸ்கிரீன் சிவந்தது. வார்னிங் கொடுத்தேன். எல்லோரும் கோழி குஞ்சோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். மறுநாள் விசாரித்தால், மழை விட்ட நேரத்தில் யாரோ ஈரக் கம்பளியைக் கம்பத்தில் காயப்போட்டிருக்கிறார்கள். இன்னொரு தடவை பொய்யானால் ஒருத்தரும் வீட்டை விட்டு நகர மாட்டார்கள் என்று மாரியப்பன் கறாராகச் சொல்லிவிட்டார்.

2. ஜீரோ

அடுத்த மாதம், டிபன் பாக்ஸைத் திறக்கிறேன், கம்பம் மறுபடி சாய்கிறது. மழைமானியோ இரண்டு நாளாக ஜீரோ. பிரிவுத் தலைவர் ராவ் சார் எட்டிப் பார்த்து, அந்த ஊர் இந்தியில் கேட்டார்.

"பாரிஷிச் நை, லாண்ட்ஸ்லைட் கைக்கு?"

மழையே இல்லை, மண் எதற்குச் சரியும்? நியாயமான கேள்வி. கம்பளியாகத்தான் இருக்கும் என்றார். எனக்கும் அப்படி நம்ப ஆசைதான். ஆனாலும் மாரியப்பனுக்கு போன் போட்டு, அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டேன்.

"என்ன மேடம்? தகரத்துல மழை கொட்டுற சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"அப்ப மழைமானி ஏன் ஜீரோ காட்டுது?"

"அது எப்படி நனையும்? நீங்கதானே பத்திரம்னு சொன்னீங்க. பெரிய குடையா வெச்சுக் கட்டிட்டேன்."

ராவ் சாருக்கு இதை மொழிபெயர்த்தேன். அவர் உடனே சிவப்பு எச்சரிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

நிச்சயம் சரியுமா என்று மாரியப்பன் கேட்டார். தெரியாது, பாதிக்குப் பாதி என்றேன்.

"அப்ப பாதிப் பேரை அனுப்பவா?"

"எல்லாரையும் அனுப்புங்க. பொய்யாப் போனா என்னைத் திட்டட்டும்."

யாரும் கிளம்பவில்லையாம். மனிதர் லைனிலேயே பெரிய டி.வி.யைத் தார்ப்பாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். சீரியல் நேரம். மொத்த லைனும் திட்டிக்கொண்டே பின்னால் போனது.

சாயங்காலம் மண் இறங்கியது. நாலு வீடு போயிற்று. ஆள் ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை என்று மாரியப்பன் சொன்னதும், ஆபீஸ் என்றும் பாராமல் அழுதுவிட்டேன். அவர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டார்.

"மழைமானியும் போயிருச்சு மேடம். ஆனா கடைசி வரைக்கும் நனையவே இல்ல."

இப்போது எங்கள் செக்லிஸ்டில் முதல் கேள்வி: மழைமானிக்குக் குடை பிடித்திருக்கிறார்களா? சேர்த்தது நான்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும் போனை எடுத்து அங்கே இருக்கிறவரைக் கேட்கட்டும்.