பலகையில் விட்ட இடம்

பிள்ளைகளே, உங்கள் அக்கா பிறந்த அன்று பழவேற்காடு ஏரியில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. என்னோடு சேர்த்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கரைக்குப் போன படகு நடுவழியில் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கடல் தண்ணீர் ஏறி வந்தால்தான் கிளம்பும். இறங்கி நடக்கலாமென்றால் இடுப்பு வரை சேறு. பொன்னேரி ஆஸ்பத்திரியில் உங்கள் அம்மாவுக்குப் பிரசவ வலி. போனில் சிக்னல் இல்லை. நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், படகுக்காரரைத் திட்டினேன்.

எதிரே, தடித்த கண்ணாடி போட்ட ஒல்லியான ஒருவர் மடியில் துணிப்பையோடு இருந்தார். அடிக்கடி கொஞ்சம் நகர்ந்து, யாரையோ உட்காரச் சொல்வதுபோலப் பக்கத்துப் பலகையைத் தட்டினார்.

“யாருக்கு சார் எடம் போடுறீங்கோ?” எரிச்சலோடு கேட்டேன்.

“பயத்துக்குப்பா. எனக்கு நீச்சல் தெரியாது. தொரத்துனா தலமேல ஏறிக்கும். பக்கத்துல உக்கார வெச்சா சும்மா இருக்கும். புத்தரும் அப்படித்தான். தவத்தக் கலைக்க மாரன்னு ஒரு பூதம் பயமுறுத்த வந்தப்ப, ‘நீதானா, தெரியுது’ன்னாரு.”

“என் பொண்டாட்டி அங்க துடிக்கிறா. நான் இன்னா பண்றது?”

“அப்ப உன் பயத்தையும் உக்கார வை. எடம் இருக்குது.”

படகுக்காரர் சிரித்துவிட்டார். “பாரம் ஜாஸ்தியாகித்தான் மாட்னோம். இன்னும் ரெண்டு பேர ஏத்துறியா நைனா?”

நானும் நகர்ந்து உட்கார்ந்தேன். பயம் போகவில்லை. ஆனால் திட்டுவது நின்றது, மூச்சு விட முடிந்தது.

சாயங்காலம் தண்ணீர் ஏறிப் படகு அசைந்ததும் எல்லோரும் கைதட்டினோம். நீச்சல் தெரியாதவருக்கு ஆழம் இனிமேல்தானே? அவர் மட்டும் மறுபடி நகர்ந்து, பலகையைத் தட்டினார்.