நான்காவது சுற்றுக்கு வராத பெண்ணைத் தேடி முத்துப்பேட்டைக்கு

சென்னைக்கு அருகே பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஆள் எடுப்பது என் வேலை. உற்பத்திப் பிரிவில் 'லீன்' முறை வந்து, வீண் காத்திருப்பு, ஒரே வேலையை இருமுறை செய்வது போன்ற விரயங்களை ஒழித்தார்கள். "உங்க பிரிவுலயும் செய்யுங்க" என்றார் மேலாளர். அறையில் உட்கார்ந்து யோசிக்காதே, நேரில் போய்ப் பார் என்பது லீனின் பாடம். செப்டம்பர் கடைசியில் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் நேர்காணல் இருந்தது. ஒரு நாள் முன்பே போனேன். மூன்று சுற்றிலும் முதலிடத்தில் தேறி, நான்காவதற்கு வராமல் போன யாஸ்மினைப் பார்க்க வேண்டும்.

தஞ்சாவூரில் காலை ஏழே காலுக்குப் பேருந்து. பட்டுக்கோட்டையில் மாறினால் முத்துப்பேட்டை. மொத்தம் எழுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ஒரத்தநாடு தாண்டியதும் பாதிச் சாலையில் குறுவை நெல் காய்ந்துகொண்டிருந்தது. வண்டி ஊர்ந்தது. நான் எழுந்து எழுந்து எட்டிப் பார்ப்பதைக் கண்ட நடத்துநர், "இறங்கித் தள்ளப் போறீங்களா? உக்காருங்க மேடம், வண்டி போவும்" என்றார். போய்ச்சேர மூன்று மணி நேரமானது.

கடைத்தெருவில் யாஸ்மினின் அத்தா செருப்புக் கடை வைத்திருக்கிறார். முன்பே போன் செய்திருந்ததால் டீ வரவழைத்து வைத்திருந்தார். யாஸ்மின் தயங்காமல் பேசினார்.

"ரெண்டாவது தடவை அதே கேள்வியத்தான் வேற சார் கேட்டாரு. மூணாவதா வந்தவருக்கு மத்த ரெண்டு பேரு கேட்டதே தெரியல. ஒவ்வொரு தடவையும் அத்தா கடைய அடைச்சுட்டுக் கூட வந்தாங்க."

திருச்சியில் ஒரு நிறுவனம் ஒரே நாளில் சோதித்து வேலை கொடுத்துவிட்டதாம். திங்கட்கிழமை சேர வேண்டும். கடை வாசலிலேயே நின்று மேலாளரை அழைத்தேன். அவர் இயக்குநரிடம் பேசினார். நாற்பது நிமிடத்தில் யாஸ்மினுக்கு வேலை, சம்பளம் உட்பட எல்லாம் முடிவாகிவிட்டது. மகிழ்ச்சியோடு உள்ளே போய்ச் சொன்னேன்.

யாஸ்மின் கேட்டார்: "நாப்பது நிமிஷத்துல முடியிறதுக்கா மேடம் எங்கள மூணு மாசம் அலையவிட்டீங்க?"

"ஏம்மா..." என்று அத்தா தடுத்தார்.

"கோவமா கேக்கலத்தா. திருச்சிக்கு வர்றேன்னு சொல்லிட்டேன், மாத்த மாட்டேன்."

திரும்பும் பேருந்தில் இருப்புக்கொள்ளவில்லை. பட்டுக்கோட்டையில் இறங்கியதும் மேலாளரிடம் போனில் சொன்னேன்: நாளைக்கு ஒரே சுற்று, கல்லூரிப் பட்டறையில் பம்பு உதிரிபாகத்தைக் கொடுத்து அளக்கச் சொல்வோம், முடிவெடுக்க வேண்டியவர்கள் எல்லோரும் வீடியோவில் கூடவே இருக்க வேண்டும், பதில் மாலைக்குள்.

"அவசரத்துல தப்பான ஆள எடுத்துட்டா?"

"மூணு மாசம் யோசிச்சும் நல்ல ஆள விட்டுட்டோமே சார்."

மறுநாள் அப்படியே செய்தோம். தேறியவர்கள் நான்கு பேர். மற்றவர்களிடம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: அறுவடைக் காலத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். முத்துப்பேட்டையின் கடலோர அலையாத்திக் காட்டுக்குப் படகில் போக வனத்துறையிடம் முன்பே கேளுங்கள். நான் பார்க்காமலே திரும்பினேன். ஆள் எடுக்கப் போகிறவர்கள், முடிவெடுப்பவரையும் கையோடு அழைத்துப் போங்கள்.

அன்று தேறாதவர்களில் மாயவரம் பக்கத்துக் குத்தாலத்துக்காரர் செந்தில் ஒருவர். வருத்தம் தெரிவித்தபோது பையைத் தோளில் மாட்டியபடி, "பரவால்லீங்க. இன்னைக்கே சொல்லிட்டீங்க, நாளைக்கு கும்பகோணத்துல ஒரு எடத்துல ஆள் எடுக்குறாங்க, போய்ப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, மாயவரம் பேருந்தைப் பிடிக்க ஓடினார்.