வேத அலமாரிக்கு நான் வைத்த பொட்டு

இதை எழுதலாமா என்று பல வருடம் தயங்கினேன். சாமி விஷயம், யார் மனமும் நோகக் கூடாதே என்றுதான்.

வளைகுடாவில் ஒரு சின்ன ஊரில், யூதர்களின் ஜெப ஆலயத்தைப் பராமரிப்பது என் வேலை. முன்பு ஒரு தெரு நிறைய இருந்தார்களாம். ஒவ்வொரு குடும்பமாக வெளிநாடு போய்விட, வயதான எஸ்ரா சாப் மட்டும் தங்கிவிட்டார். அவர் தாத்தா பஸ்ராவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த வேதச் சுருள் அங்கே ஓர் அலமாரிக்குள் இருக்கிறது. தோலில் கையால் எழுதியது. அதை விட்டுப் போக அவருக்கு மனமில்லை.

அன்று ஆயுத பூஜை. எல்லாவற்றையும் துடைத்து, வாக்குவம் கிளீனர் முதல் வேத அலமாரிக் கதவு வரை சந்தனம், குங்குமம் வைத்தேன். மாலையில் வந்த எஸ்ரா சாப் முகம் வெளிறிவிட்டது.

"பாய், கதவைத் திறந்தியா? சுருளைத் தொட்டியா?"

"இல்ல சாப். கை ஈரமா இருந்துச்சு, காஞ்சதும் சுருளுக்கும் பொட்டு வைக்கலாம்னு..."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஓர் எழுத்து அழிந்தாலும் அந்தச் சுருளை வாசிக்கக் கூடாதாம்.

"இன்னைக்கு நாங்க புத்தகத்தைக் கும்பிடுற நாள் சாப்" என்றேன்.

அவர் சுற்றிலும் பார்த்தார். "தூசி உறிஞ்சுற மெஷினுக்கும் வெச்சிருக்கே. அதுவும் என் வேதமும் ஒரே கிரேடா?" என்று சிரித்துவிட்டார். "எங்க முறையில பொட்டு மாஃபி, கிடையவே கிடையாது. துடைச்சிடு பாய். தூசி தட்டினியே, அதை மட்டும் அடுத்த வருஷமும் பண்ணு."

இப்போதெல்லாம் எந்தச் சாமி இடமானாலும் கேட்ட பிறகே கை வைக்கிறேன். இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அவர் பொட்டை ஏற்றுக்கொண்டார் என்றோ, என்னை விரட்டினார் என்றோ மாற்ற வேண்டாம். துடைக்கத்தான் சொன்னார், சிரித்துக்கொண்டே சொன்னார்.